தனுஷ்கோடியில் சந்தித்தவர்கள்: ஓர் அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து

தனுஷ்கோடிக்கு நான் முதன்முதலாகப் போனது 1998ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். அப்போது இன்றுள்ள தார்ச்சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் பழைய வேன் ஒன்றில் பத்துப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு, மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் மாறி மாறி இறங்கி ஏறிப் போவார்கள். ஆடிக் காற்று தெற்கிலிருந்து மணலை வாரி வீசிக்கொண்டிருந்ததால், நான் அந்த ஊரைப் பாதி மூடிய கண்களோடுதான் முதலில் பார்த்தேன்.

இடிந்த தேவாலயத்தின் சுவர் நிழலில் ஒரு பெரியவர் வலை முடைந்துகொண்டிருந்தார். பவளப்பாறைக் கற்களை வெட்டிக் கட்டிய சுவர் அது. கல்லின் துளைகள் தேன்கூட்டைப் போல வெளியே தெரிந்தன. "பேய் நகரம்னு சொல்றாங்களே ஐயா, அது இதுதானா?" என்று நான் கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நான் பிறந்த ஊர் தம்பி இது. இப்பவும் இங்கதான் சமைச்சுச் சாப்பிடுறேன். பேய் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல" என்று அமைதியாகச் சொன்னார். அந்தச் சொல்லை நான் பிறகு ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிறவர்களும் அதைக் கைவிட வேண்டும் என்பதற்காகவே இந்த அனுபவத்தைப் பகிர்கிறேன்.

அவருடைய தந்தை கப்பல்துறையில் சுமை தூக்கியவர். வலையை ஓரமாக வைத்துவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மணல்மேடுகளும் உடைந்த சுவர்களும்தான், ஆனால் அவர் ஒரு தெருவில் நடப்பதைப் போலவே நடந்தார். இது ரயில் நிலையம், இது எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, இந்த இடத்தில் சுங்கக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், இங்கே தபால் ஆபீஸ், அதோ அங்கே பள்ளிக்கூடம். ஓரிடத்தில் குனிந்து மணலைக் கையால் விலக்கியபோது, துருவேறி உப்பிப்போன ஒரு இரும்புத் துண்டு வெளிப்பட்டது. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிய ஆணி அது. எடுத்துப் பார்க்கக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வாங்கி அதே குழியில் வைத்து மூடினார்.

அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த ஊர் பிறந்ததற்கான காரணமே எல்லைதான் என்பது விளங்குகிறது. 1914க்கு முன் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நீண்ட கடற்பயணம் செய்ய வேண்டியிருந்தது. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இந்த வழி மாறியது. பாம்பனிலிருந்து ஒரு பாதை இராமேசுவரத்துக்கும் மற்றொன்று மணல்முனையின் வழியாகத் தனுஷ்கோடிக்கும் பிரிந்தன. தனுஷ்கோடிக் கப்பல்துறை வரை ரயில் வரும், பயணிகள் இறங்கிக் கப்பலேறுவார்கள், எதிர்க்கரையான தலைமன்னாரில் கொழும்பு ரயில் காத்துக்கொண்டிருக்கும். சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு வரை செல்லும். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். கப்பல் நின்று பல பத்தாண்டுகள் ஆன பின்னும், இராமேசுவரம் விரைவு ரயிலை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். 'இர்வின்', 'கோஷன்' என்ற கப்பல்களின் பெயர்களை அந்தப் பெரியவர் தம் உறவினர்களைச் சொல்வதுபோலச் சொன்னார்.

புயலைப் பற்றி அவர் தாமாகப் பேசவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1964 டிசம்பரில் அந்தமான் கடலில் உருவான அந்தப் புயல் 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியின் மீது ஏறியது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், ஊருக்கு வெளியே சமிக்ஞை விளக்கு எரியாததால் நின்றது. ஓட்டுநர் நீண்ட நேரம் ஊதலை ஒலித்துப் பார்த்துவிட்டு, வருவது வரட்டும் என்று இருட்டுக்குள் வண்டியை நகர்த்தினார். அப்போது எழுந்த பேரலை முழு ரயிலையும் மூடியது. ரயில்வேயின் கணக்கில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் அதில் இருந்தனர். சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இல்லை. மொத்தமாக ஏறத்தாழ 1,800 பேர் மாண்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான். பாம்பன் பாலத்தின் 145 கண்களில் பெரும்பாலானவற்றின் இரும்பு உத்தரங்கள் அதே புயலில் விழுந்தன. ஆனால் ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் அது சரிசெய்யப்பட்டது. பாலம் தேவைப்பட்டது, ஆகவே எழுந்தது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் பாதை மீண்டும் போடப்படவில்லை. கப்பல்துறை இராமேசுவரத்துக்கு மாறியது. இருபுறமும் கடல் நெருக்கும் மெல்லிய மணல்திட்டில் மறுபடியும் ஓர் ஊரைக் கட்டாமல் விட்டது தவறு என்று நான் வாதிடவில்லை. ஆனால் எல்லையில் நடந்துவந்த வேலை அங்கிருந்து எடுக்கப்பட்டபோதுதான் ஊர் முடிந்தது என்பதையும், அந்த முடிவுக்குப் பின்னும் மீனவர்கள் திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது வரலாறு ஆகாது.

அன்று மாலை அவர் வீட்டில் தண்ணீர் குடித்தேன். வீட்டுக்குப் பின்னால், கடலிலிருந்து ஐம்பதடி கூட இல்லாத தொலைவில், முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டியிருந்தார்கள். அவருடைய மகள் அதன் ஓரத்தில் குந்தி, ஊறிவரும் நீர் கலங்காதபடி சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றினார். ஒரு குடம் நிறைய நெடுநேரம் ஆனது. உப்பே இல்லாத நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கிக் கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதால் அப்படிக் கிடைக்கிறது என்பதையும், கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்புநீர் ஏறிவிடும் என்பதையும் அந்தப் பெண்தான் எனக்கு விளக்கினார்.

2017 ஜூலையில், நிலம் முடியும் இடமான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு மறுபடியும் போனேன். பெரியவர் இல்லை. மகள் சாலையோரத்தில் சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்தார். பேறுகாலத்துக்கு இப்போது வண்டி வாசல் வரை வந்துவிடுகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். மாலையானதும் காவலர்கள் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அவர் கடையைக் கட்டிக்கொண்டு, நாங்கள் வந்த திசைக்கு எதிராகத் தம் வீட்டை நோக்கி நடந்தார்.

கோத்தகிரியிலிருந்து

மேலே எழுதிய ஐயா, எல்லையில் நடந்துவந்த வேலை என்று சொன்னதைப் படித்ததும் எங்கள் தாத்தாவின் நினைவு வந்தது. அந்த வேலையில் அவரும் ஒரு சரக்கு.

எங்கள் குடும்பம் இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பம். தாத்தா 1930களில், எட்டு வயதுப் பையனாக, திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெற்றோரோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். கங்காணி கூட்டிக்கொண்டு போன நாற்பது ஐம்பது பேரில் அவர்களும் அடக்கம். மண்டபம் முகாமில் சில நாட்கள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, உடம்பைப் பரிசோதித்து, அதன் பிறகே தனுஷ்கோடிக்கு ரயிலேற்றினார்களாம். 'கேம்ப்' என்ற சொல்லைத் தாத்தா கடைசி வரை ஒரு தனி அழுத்தத்தோடுதான் உச்சரிப்பார். தனுஷ்கோடியைப் பற்றி அவர் நினைவில் இருந்தவை இரண்டே காட்சிகள். ஒன்று, ரயிலை விட்டு இறங்கியதும் அதற்குப் பக்கத்திலேயே ரயிலை விடப் பெரிதாக நின்ற கப்பல். மற்றொன்று, துரைமார்களும் வியாபாரிகளும் ஒரு பக்கமாக ஏறிப்போக, தங்களை வேறு பக்கமாகத் தலை எண்ணி ஏற்றியது. ஒரே துறை, ஒரே கப்பல், ஆனால் சிலருக்குப் பயணம், சிலருக்கு ஏற்றுமதி.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்களாக இருந்த எங்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்பது அதன் கணக்கு. அதற்கு அடுத்த இரண்டு மாதத்துக்குள் தனுஷ்கோடி கடலுக்குள் போனது. எங்கள் ஆட்களை வெளியே அனுப்பிய வாசல், திரும்பி வரச்சொன்ன நேரத்தில் இல்லாமல் போனதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். தற்செயல்தான். ஆனாலும் மனம் அதை அப்படி எடுத்துக்கொள்ள மறுக்கிறது.

தாத்தாவுக்கும் பாட்டிக்கும் 1970களில்தான் பயண நாள் வந்தது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். ஒவ்வொரு நிலையத்திலும் லயம் என்ற தோட்டக் குடியிருப்புகளின் சனம் கூடிநின்று ஒப்பாரி வைக்கும். ஒரே குடும்பத்தில் அண்ணன் இலங்கைக்காரன், தம்பி இந்தியாக்காரன் என்று காகிதம் பிரித்துவிட்ட காலம் அது. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். கப்பலில் வரும்போது தாத்தா மேல்தட்டிலேயே நின்று, தாம் போன துறை கண்ணில் படுமா என்று தேடிக்கொண்டு வந்தாராம். பக்கத்தில் நின்ற ஒருவர், "அந்த ஊரு இப்ப இல்லீங்க" என்று சொன்னபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. புயல் நடந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியும், மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

மறுபடியும் மண்டபம் முகாம், பிறகு குடும்ப அட்டை, பிறகு நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். டான்டீ என்று இன்று எல்லோரும் அறிந்தது, அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் ஆரம்பித்த திட்டம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து, முதல் விடுமுறையில் தாத்தாவைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போனேன். ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவரருகே அவர் நெடுநேரம் நின்றார். அழவில்லை. "நான் வந்த அன்னைக்கு இவ்வளவு காத்து இல்ல" என்று மட்டும் சொன்னார். அங்கே மாங்காய் விற்ற ஓர் அம்மாள், ஊர் எது என்று கேட்டார்கள். தாத்தா முதலில் இலங்கைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, பிறகு கோத்தகிரி என்று திருத்தி, கடைசியில் திருச்சி என்று முடித்தார். அந்த அம்மாளுக்கு அது வினோதமாகவே படவில்லை. இப்படி மூன்று ஊர் சொல்கிறவர்கள் இங்கே நிறைய வருகிறார்கள் என்று சொல்லி, அவர் கையில் ஒரு கீற்றை வைத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

இராமேசுவரத்திலிருந்து

1964 புயலின்போது எனக்கு ஒன்பது வயது. என்னால் எழுத முடிந்தது கொஞ்சம்தான்.

அன்று இரவு எங்கள் ஓட்டுக்கூரை போய்விட்டது. அம்மா எங்கள் நால்வரையும் இழுத்துக்கொண்டு கோயில் பிரகாரத்துக்குள் ஓடினார். அங்கே ஏற்கெனவே பாதி ஊர் இருந்தது. விடிந்த பிறகும் தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தந்தி இல்லை, ரயில் இல்லை, பாலம் இல்லை. நாங்களே ஒரு தனித் தீவில் அடைபட்டிருந்தோம்.

அதற்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, மணல் வழியாக நடந்தே வந்த ஒருவரை நான் பார்த்தேன். இடுப்பில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தபோது அவர் முதலில் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். வந்தது மணல். பிறகுதான் குடித்தார். தூணைக் கட்டிக்கொண்டபடி நின்றவாறே தூங்கிவிட்டார். அவரைக் கீழே படுக்கவைக்க இருவர் சேர்ந்து கைகளைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அவரைப் போன்றவர்களை அரசு நடராஜபுரத்தில் குடியேற்றியது. அவர் மறுபடி திருமணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களில் ஒருவன் என் தம்பியோடு படித்தான். கார்த்திகை, மார்கழியில் பலத்த மழை பெய்யும் இரவுகளில், அவர் வலைக்கயிற்றை எடுத்துப் பிள்ளைகளின் மணிக்கட்டைத் தம் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் படுப்பார் என்று அந்தப் பையன் சொல்வான். எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. அவன் மட்டும் அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டான்.

இங்கே கடற்கரையில் எங்களுக்கு இரண்டு கடல்கள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலையடங்கிய பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சீறுகின்ற ஆண்கடல். தனுஷ்கோடியில் இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். பெண்கடல் ஒன்றும் செய்யாது என்று நம்பித்தான் எங்கள் பாட்டனார்கள் அந்தப் பக்கம் வீடு கட்டினார்கள். மணல் வழியாக நடந்து வந்த அந்த மனிதரிடம், அன்று இரவு எந்தக் கடல் வந்தது என்று கேட்டபோது, அவர் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டினார்.

தலைமன்னாரிலிருந்து

தனுஷ்கோடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கரையில் நின்றே பேசுகிறார்கள். எதிர்க்கரையிலிருந்து ஒரு சொல் சேர்க்க அனுமதியுங்கள்.

எங்கள் இறங்குதுறையின் தூண்கள் இன்னும் கடலுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. யுத்த காலத்தில், 1990இல் நின்றுபோன புகையிரதப் பாதை 2015 மார்ச்சில் மீளவும் திறக்கப்பட்டது. இப்போது கொழும்பிலிருந்து வரும் புகையிரதம் துறை வரை வந்து, ஏறுவதற்குக் கப்பல் இல்லாததால் அப்படியே திரும்பிப் போகிறது. இரண்டு கரைக்கும் இடையில் உள்ள மணல் திட்டுகளை எங்கள் மீனவர்கள் எண்ணிச் சொல்வார்கள். யுத்தத்துக்குத் தப்பி ஓடியவர்களை ஓட்டிகள் இரவில் அந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லித் திரும்பிவிட்ட கதைகள் ஏராளம். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியில் போன குடும்பம் ஒன்றும் அரிச்சல்முனைக்கு அருகில் அப்படியொரு திட்டில்தான் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டது. ஆகவே அந்த எல்லையில் ஊர் இல்லாமல் போனாலும் போக்குவரத்து ஒருநாளும் நின்றதில்லை என்பதே எங்கள் அனுபவம்.

அம்மாவுக்கு 1964இல் ஏழு வயது. அம்மம்மாவின் தமையனுக்குத் தனுஷ்கோடியில் உறவுகள் இருந்தன. இங்கிருந்து அங்கே போவதை வெளிநாட்டுக்குப் போவதாக அவர்கள் யாரும் நினைத்ததில்லை. அந்த ஆண்டு நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) பிள்ளைகளுக்குத் துணி எடுத்துவர, டிசம்பர் நடுப்பகுதியில் அவர் கப்பலேறினார். புயல் எங்கள் கரையையும் விடவில்லை. வீட்டைத் தூக்கி நிறுத்தவே நாட்கள் ஆயின. பிறகுதான் தனுஷ்கோடிச் செய்தி வந்தது. அம்மம்மா கறுப்பு உடுத்து, தமையனுக்கு ஆத்துமப் பூசையும் கேட்டுவிட்டார்.

அவர் துணி வாங்க இராமநாதபுரத்துக்குப் போயிருக்கிறார். பாலம் விழுந்ததால் தீவுக்குள் திரும்ப முடியாமல் மண்டபத்தில் தங்கி, கிடைத்த கூலி வேலையைச் செய்திருக்கிறார். பாலம் சரியான பின் தனுஷ்கோடிக்கு நடந்து போய்ப் பார்த்திருக்கிறார். உறவுகள் இருந்த வளவில் ஒருவரும் இல்லை. கடைசியில் தெரிந்தவர்களின் வள்ளம் ஒன்றில் இங்கே வந்து இறங்கினார். அம்மா முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, படலையைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தாராம். தோளில் அந்தத் துணி மூட்டை இருந்தது. மூன்று மாதம் அதை விற்காமல், நனையாமல் வைத்திருந்திருக்கிறார். மஞ்சளில் சிறு பூப்போட்ட சீத்தை. அம்மம்மா கறுப்புச் சேலையோடு குசினியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மறுபடி உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தாராம்.

நத்தாருக்கு வாங்கிய அந்தத் துணியில் தைத்த சட்டையை, அம்மா அடுத்த ஆண்டு ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.